பின்பக்கத்தைக் காட்டுங்கள்

ஓர் இணைய ஏலத்தில் இன்று ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் "ஷின்-ஓஹாஷி பாலத்திலும் அதாகேயிலும் திடீர் மழை". செதுக்கிய மரப்பலகையால் அச்சிட்ட படம். 1857. "அசல், பளிச்சென்ற வண்ணம், சட்டத்துடன்."

பின்பக்கப் படம் ஒன்றுகூட இல்லை.

வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். ஈரம் காட்டிய கோசோ (ஒரு மரப்பட்டை) நார்க் காகிதத்தை நிறம் பூசிய பலகைமேல் வைத்து, பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் கையால் அழுத்தித் தேய்ப்பார்கள். நிறம் பின்பக்கம்வரை ஊறும். தேய்த்த தடம் சாய்வெளிச்சத்தில் தெரியும். அட்டையில் ஒட்டிவிட்டால் இரண்டையும் பார்க்க முடியாது. (விற்பவருக்கு வசதி!)

பத்து மடங்கு லென்ஸில் சீரான புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட், அதாவது இயந்திர அச்சு. பேச்சே இல்லை.

புள்ளி இல்லை, நிறமும் ஊறியிருக்கிறது என்றாலும் 1857 ஆகிவிடாது. பின்னாளில் புதுப் பலகை செதுக்கி, அதே முறையில் கையால் அச்சிட்ட பிரதிகள் நிறைய உண்டு. அங்கே மழைக் கோடுகள்தான் சாட்சி. அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் நல்ல பிரதியைப் பக்கத்தில் திறந்து, ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது, எதைக் கடக்கிறது என்று பாருங்கள். பலகை தேய்ந்தால் கோடு தடிக்கும், இடையில் உடையும், இடம் மாறாது. மாறியிருந்தால் அது வேறு பலகை.

அளவையும் கேளுங்கள். இந்தப் படம் அச்சான ஓபான் என்ற அளவுத் தாள் சுமார் 25 x 37 செ.மீ. அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் ஓரம் வெட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் இருந்த தணிக்கை முத்திரையும் பதிப்பாளர் பெயரும் அதோடு போயிருக்கும்.

வாங்கியே விட்டீர்களா? முதலில் சட்டத்தைக் கழற்றுங்கள். பழைய அமில அட்டை தாளைப் பழுப்பாக்கும், கண்ணாடி தாளைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.