ஸ்கேன் நார்மல்னா ஆள் ஏன் இன்னும் முழிக்கலை?

ஜி.எஸ்.டி. ரோட்டிலோ ஓ.எம்.ஆரிலோ பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வருபவருக்கு முதலில் எடுப்பது சி.டி. சில நிமிட வேலை. உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டிய ரத்தக்கட்டு, வீக்கம், எலும்பு முறிவு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. இல்லையென்றால் "சி.டி.ல பெருசா ஒண்ணும் இல்ல" என்பார்கள். வீட்டாருக்கு உயிர் வரும். பத்து நாளாகியும் கண் திறக்காதபோது அதே வாக்கியம் அவர்களைக் குழப்பும்.

வேகமாக வந்த தலை சட்டென்று திரும்பி நிற்கும்போது மூளையின் அடுக்குகள் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. நடுவே ஓடும் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகின்றன. இதைத்தான் டி.ஏ.ஐ. (டிஃபியூஸ் ஆக்சோனல் இன்ஜுரி) என்கிறார்கள். சி.டி.யில் இது பெரும்பாலும் சிக்காது. எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்கசிவைத் துல்லியமாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படவகையையும் சேர்த்து எடுத்தால், நுண்ணிய ரத்தக்கசிவுகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். மூளையின் மேற்பகுதியில் மட்டும் என்றால் கிரேடு 1, இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் என்றால் 2, மூளைத்தண்டில் என்றால் 3. கிரேடு 3 என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் கையைக் கழுவ வேண்டாம். அது காயம் எங்கே என்று சொல்கிறது. நினைவு இருக்கிறதா என்பதை அந்தப் படத்தில் படிக்க முடியாது.

அதைக் கட்டிலருகில்தான் சோதிக்க வேண்டும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், "நினைவே இல்லை" என்று மருத்துவக் குழு முடிவு செய்திருந்த 44 பேரை, கேட்பது, பார்ப்பது, அசைவது போன்றவற்றுக்கு மதிப்பெண் போடும் சி.ஆர்.எஸ்.-ஆர். அளவுகோலால் மறுபடி சோதித்தபோது, 18 பேருக்குக் குறைந்தபட்ச நினைவு இருந்தது. குழுவுக்கு அக்கறை இல்லாமல் இல்லை, முறையாகச் சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதில் ஒரு சோதனைக்குத் தேவை உள்ளங்கை அளவு முகம் பார்க்கும் கண்ணாடி. தலைமாட்டை உயர்த்தி, நன்றாக விழித்திருக்கும் நேரம் பார்த்து, கண்ணாடியை முகத்துக்கு நேரே 10–15 செ.மீ. தூரத்தில் பிடிக்க வேண்டும். பார்க்கச் சொல்லிக்கொண்டே மெதுவாக வலம், இடம், மேல், கீழ் என்று 45 டிகிரி நகர்த்த வேண்டும், ஒவ்வொரு திசையிலும் இரண்டு முறை. ஏதாவது ஒரு திசையில் இரண்டு முறையும் கண் விட்டுப்போகாமல் கூடவே வந்தால் கணக்கில் சேரும். இமை திறக்காவிட்டால் விரலால் திறந்து பிடித்துச் செய்யலாம். டார்ச்சையோ பேனாவையோ தொடராத கண், தன் முகத்தைத் தொடர்வதுண்டு. கண் தானாகவே பக்கவாட்டில் அலைகிற ஆட்களும் உண்டு. அதனால் பாதியில் கண்ணாடியை நிறுத்திப் பாருங்கள். கண்ணும் நிற்க வேண்டும்.

"கையைப் பிடிச்சாருங்க டாக்டர்" என்பது வார்டில் அதிகம் கேட்கும் வாக்கியம். உள்ளங்கையில் விரலை வைத்தால் மூடிக்கொள்வது அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். "விடுங்க" என்று சொல்லி விடுகிறாரா என்று பாருங்கள். அல்லது "கட்டை விரலைத் தூக்குங்க" என்று நான்கு முறை, நடுவே 10–15 நொடி விட்டுச் சொல்லுங்கள். நான்கில் மூன்று வந்தால் நல்ல சேதி. சொல்லும் மொழியும் முக்கியம். கட்டட வேலைக்கு வந்த ஒடியாக்காரரிடம் தமிழில் கட்டளையிட்டால், கோமா அளவுகோலில் (ஜி.சி.எஸ்.) சொன்னபடி அசைந்தால் 6 வர வேண்டிய மோட்டார் ஸ்கோர், சார்ட்டில் 5 என்றே நின்றுவிடும். காதோரம் எலும்பு முறிந்தவருக்குக் கேட்காமலும் போகலாம். செய்து காட்டுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது சோதிக்காமல் முடிவு கட்டுவது தவறு.

முழிக்காததற்குக் காயத்தைக் குறை சொல்லும் முன் மற்றதைக் கேளுங்கள். மிடாசோலம், ஃபெண்டனில் போன்ற மயக்க, வலி மருந்துகளை எப்போது நிறுத்தினார்கள்? சோடியம் எவ்வளவு? காய்ச்சல், கிருமி ஏதாவது உண்டா? கை கால் வெட்டாத வலிப்பு உள்ளே ஓடுகிறதா? அதற்கு மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. வேண்டும். கொஞ்சம் தேறி வந்தவர் மறுபடி மந்தமானால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். அப்போது பழைய சி.டி.யைப் புரட்டாமல் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. பற்றியும் கேட்பார்கள். 2006-ல், சாலை விபத்துக்குப் பின் ஐந்து மாதமாக எந்தப் பதிலும் இல்லாதிருந்த 23 வயதுப் பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, அவர் மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதி வேலை செய்தது. 2024-ல் வெளியான பெரிய ஆய்வில், கட்டளைக்கு அசையாத 241 பேரில் 60 பேரிடம் எஃப்.எம்.ஆர்.ஐ.யிலோ ஈ.ஈ.ஜி.யிலோ இப்படிப் பதில் கிடைத்தது. அதே ஆய்வில், கட்டளைக்குக் கண்ணெதிரே அசைந்த 112 பேரில் 43 பேரிடம் மட்டுமே கருவி அதைப் பிடித்தது. ஆகவே "வரவில்லை" என்ற ரிப்போர்ட்டுக்கு "இல்லை" என்று அர்த்தமில்லை. தலை சில மில்லிமீட்டர் ஆடினாலே படம் கெடும். ஆடாமலிருக்க மயக்க மருந்து கொடுத்தால் தேடுகிற பதிலே அடங்கிவிடும்.

இது அன்றாடச் சோதனையும் அல்ல. அதைத் தேடி அலைவதைவிட வீட்டார் ஒரு நோட்டு போடலாம்: தேதி, நேரம், கடைசியாக மருந்து கொடுத்த மணி, சொன்ன கட்டளை, எத்தனை நொடியில் பதில், நான்கில் எத்தனை. கூடவே செல்போனில் இரண்டு நிமிட வீடியோ, நம் குரலும் அவர் கையும் ஒன்றாகப் பதிகிற மாதிரி. சளி உறிஞ்சிய கையோடு எடுக்காதீர்கள். அந்த அசைவு இருமலாலும் வரும்.