முழு வகுப்பு வாசிப்புக்குப் பத்து நிமிடம் போதும்

தரம் 2 பிள்ளைகளை ஒன்றாக இருத்தி வாசிப்புக் கற்பிக்கும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் நான் கற்பிக்கும் வகுப்பில் வீட்டிலேயே கதைப் புத்தகம் புரட்டிப் பழகியவர்களும் உண்டு. பாடநூலைத் தவிர வேறு புத்தகம் தொட்டிராதவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே பக்கத்தை அரை மணித்தியாலம் வாசித்துக் காட்டினால், தெரிந்த பிள்ளை சலித்துப்போகும்; தெரியாத பிள்ளை மற்றவர்களின் குரலைப் பிடித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடும்.

இந்த இரண்டாவது நிலையே எனக்குப் பெரும் கவலை. ஆசிரியர் சொல்ல வகுப்பு முழுவதும் திரும்பச் சொல்லும்போது, சிறிது நேரத்தில் வசனம் மனப்பாடமாகிவிடுகிறது. பிள்ளையின் கண் யன்னலுக்கு வெளியே இருந்தாலும் வாய் பிழையின்றிச் சொல்கிறது. நடுவிலுள்ள ஒரு சொல்லை மட்டும் விட்டு மற்றவற்றைக் கையால் மறைத்துக் கேட்டால்தான் உண்மை தெரியவரும்.

ஆகவே, ஒரு நாளைக்கு ஒரே நோக்கம். கொம்பு வரும் எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். 'கெ', 'கே' ஆகியவற்றில் குறி முன்னே நிற்கிறது, அதன் ஒலியோ மெய்யொலிக்குப் பின்னே வருகிறது; 'கொ', 'கோ' என்பவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக விரல் வைத்துச் செல்லும் பிள்ளை அங்கே தடுமாறுவது இயல்பே. கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப்பெயர் எங்கள் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமானது. அதிலேயே 'கொ', 'சோ', 'லை' மூன்றும் கிடைக்கின்றன. அதையும் தோணி, தேன், பெட்டி போன்ற சில சொற்களையும் பலகையில் எழுதி, ஒருமுறை சுட்டி வாசித்து, பின்னர் ஒழுங்கை மாற்றிச் சுட்டிப் பிள்ளைகளை வாசிக்க விட்டால் அன்றைய வேலை முடிந்தது. அதற்கிடையில் யாராவது ழகரத்தை ளகரமாக உச்சரித்தால் அதைத் திருத்தப் புறப்படுவதில்லை. அதற்கு வேறொரு நாள் இருக்கிறது. உகர, ஊகார வரிசைகளின் வடிவம் மெய்க்கு மெய் மாறுவதால், அவற்றுக்குப் பல நாட்கள் வேண்டும்.

வகுப்பே உரத்து வாசித்தால்தான் படிப்பு நடக்கிறது என்று எண்ணும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து, மீதி நேரத்தில் நடப்பதைக் காட்டுவது நல்லது. மற்றவர்கள் சிறு குழுக்களாகத் தமக்கேற்ற புத்தகங்களுடன் இருக்கும்போது, நான் பிள்ளைகளை ஒவ்வொருவராக அருகில் அழைத்து வாசிக்கக் கேட்கிறேன். எந்த எழுத்தில் தடுமாறினார்கள் என்பதைக் கொப்பியில் குறித்துக்கொள்கிறேன். அடுத்த நாள் பலகையில் எழுதும் சொற்கள் அந்தக் குறிப்பிலிருந்தே வருகின்றன.