மன்றாடி யார்?

போன மாதம் திருச்சிப் பக்கம் ஒரு சின்னச் சிவன் கோயிலில் மைப்படி எடுக்க, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் நகலெடுக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் பிரஷ்ஷால் பாசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, லேசாகக் காய்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றிக்கொண்டே போனால் கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வந்தது சோழர் காலத்து விளக்குத் தானம். ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு 90 ஆடு, ‘சாவா மூவாப் பேராடு’. செத்தாலும் கிழடானாலும் மந்தையில் எண்ணிக்கை குறையக் கூடாது, நெய் தினமும் ஒரு உழக்கு (பழைய முகத்தல் அளவு) வந்துகொண்டே இருக்க வேண்டும், சந்திரன் சூரியன் உள்ள வரைக்கும்.

அதில் ‘மன்றாடி’ என்று ஒரு சொல். யாரோ கெஞ்சிக் கேட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வாக்கியத்தை எப்படியெல்லாமோ வளைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தம்பி, மன்றாடின்னா இங்க ஆடு மேய்க்கிற இடையர்” என்றார். வேறு ஊர்க் கல்வெட்டுகளில் அதே சொல் வரும் இடங்களைத் தன் நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார்.

ஒற்றைக் கல்வெட்டை வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஜப்பானிய வரலாற்று ஆய்வாளர் நொபோரு கராஷிமா அல்லூர், ஈசானமங்கலம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டுத்தான், அல்லூரில் நிலம் ஊராரின் பொதுச் சொத்தாக இருந்ததையும், பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊரான ஈசானமங்கலத்தில் ஆளாளுக்குச் சொந்தமாக இருந்ததையும் காட்டினார். அவரும் எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுப் பெயர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, 1978-இல் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். தாங்கள் திரட்டியதை மற்றவர்களும் எடுத்துப் புழங்கட்டும் என்று அப்படியே திறந்து வைத்த அந்த மனசு எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

ஏனென்றால் கல்வெட்டுகளை முழுசாக அச்சிடும் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ நூல் வரிசையின் முதல் தொகுதி 1890-இலேயே வந்துவிட்டது, ஆனால் படியெடுத்தவற்றில் எத்தனையோ இன்னும் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் இரண்டு வரிச் சுருக்கமாகத்தான் கிடக்கின்றன. சுருக்கத்தில் மன்றாடியின் பெயர்கூட இருக்காது. இன்னொரு கோயிலில் திருப்பணி என்று மணல் வீசிச் சுவரைச் சுத்தம் செய்திருந்தார்கள். தடவிப் பார்த்தேன், எழுத்து மழுங்கிப்போய் வெறும் சொரசொரப்பு. அங்கே முன்பு எடுத்த மைப்படி எங்காவது இருந்தால் உண்டு.

அதனால் கல்வெட்டு படிக்கும் நண்பர்களே, கட்டுரை முடியட்டும் என்று பூட்டி வைக்காமல் கல்வெட்டில் படித்த வாசகத்தை முழுசாக வெளியிடுங்கள், சந்தேகமான எழுத்தையும் அடையாளம் போட்டு. நான் என்னுடையதைப் படத்தோடு போடுகிறேன். நான்காம் வரியில் மன்றாடியின் பெயருக்கு நடுவில் ஒரு எழுத்து, அந்தக் காலத்து ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். நான் ரகரம் என்கிறேன், ஆசிரியர் கால் என்கிறார். பார்த்துச் சொல்லுங்கள்.