பத்து மணி டைமர்

"நாங்க கடலுக்கு இறங்கிற நேரத்திலதானே தம்பி உங்கட பெட்டி நித்திரை கொள்ளுது?"

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் கிழக்கில், சோலரில் ஓடி இணையத்தை ஊருக்கு ஊர் கடத்தும் ரிலே கம்பத்தடியில் ஒரு பெரியவர் கேட்டது. கம்பத்திலுள்ள வைஃபைப் பெட்டியை டைமர் ஒன்று இரவு பத்துக்கு நிறுத்தி, காலை ஐந்துக்குத்தான் எழுப்பும். பாட்டாளிபுரம், சந்தனவெட்டைப் பக்கம் வேடர் குடியிருப்புகளில் கடலும் காடும்தான் பிழைப்பு. கோபமாகக் கேட்கவில்லை. கணக்கைச் சொன்னால் விளங்கிவிடும் என்று பட்டது.

கணக்கு சரிதான். ஊர்களை இணைக்கும் லிங்க் ரேடியோ இரண்டும் சேர்த்து 17 வாட். ஒன்று மூதூரைப் பார்க்கிறது, மற்றது அடுத்த குடியிருப்பை. ஊருக்கு வைஃபை தரும் அக்சஸ் பொயின்ட் 8 வாட். எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 600 வாட்-மணி. 200 வாட் பனல் நல்ல வெயிலில் 700 தரும். வாடையில், அதாவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வானம் மூடினால் 350 வந்தாலே பெரிது. தினமும் 250 துண்டு விழும். 100 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் ஈய பெட்டரி இரண்டு. பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும் என்பதால் எடுக்கக்கூடியது 1,200. ஐந்தாம் நாள், பெட்டரியைக் காக்கும் கொன்ட்ரோலர் எல்லாவற்றையும் வெட்டும். இந்த ஊரோடு அடுத்த ஊரும் சேர்ந்து போகும்.

இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை வைஃபையை மட்டும் நிறுத்தினால் 56 மிச்சம். ஐந்து நாள் ஆறாகும். அவ்வளவுதான்! அந்த ஒரு நாளுக்காகத்தான் டைமர்.

இன்னொரு பெட்டரி போடலாமே என்பார்கள். நிரப்ப வெயில் இல்லாத மாதத்தில் அது இன்னும் சில நாள் தள்ளிப்போடும், அதோடு சரி. பனலைக் கூட்டினால் காற்றுப் பிடிக்கும் பரப்பு கூடும். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியும் அத்திவாரமும் புதிதாக வேண்டும். அதற்குக் காசு ஒதுக்கப்படவில்லை.

வாடையில் கடல் கொந்தளிப்பு, தொழில் குறைவு, விடியற்காலை வைஃபை யாருக்கு என்று ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் வானிலை பார்க்க வேண்டிய மாதமும் அதுதானே? புரவிப் புயல் 2020 டிசம்பர் 2 இரவில்தான் திருகோணமலைக்கு வடக்கே கரை தொட்டது. சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், வெயிலுக்குப் பஞ்சமில்லை. அப்போது டைமரே தேவையில்லை. பருவத்துக்குப் பருவம் மாற்றினால் போயிற்று. மாற்றுவதற்கு லெப்டொப்போடு ஒருவர் அங்கே போக வேண்டும், அதுதான் நடப்பதில்லை.

பெரியவருக்குச் சொன்ன பதில், "அடுத்த ஊருக்கும் லைன் நிக்கணுமே ஐயா." அதில் பொய் இல்லை. அவர் தலையாட்டினார். அது சம்மதமா, இவங்களோட கதைச்சு என்ன என்பதா, தெரியவில்லை.

ஒரு அழுத்து பொத்தான் வைக்கலாம். அழுத்தினால் இருபது நிமிடம் வைஃபை எழும்பும். ஒரு தடவைக்கு 3 வாட்-மணிகூட ஆகாது. பத்துப் பேர் அழுத்தினாலும் மிச்சத்தில் பாதி நிற்கும். இது ஏன் முதலிலேயே திட்டத்தில் இல்லை என்றால், கம்பத்தில் வைத்த பொத்தான் உப்புக் காற்றில் நிலைக்காது. உள்ளே பித்தளை பச்சை பூத்து, அழுத்தினாலும் தொடுப்பு எடுக்காது. ரப்பர் மூடியும் கிரீஸும் கொஞ்சக் காலம் தாங்கும். யாராவது ஒரு வீட்டுக்குள் வைத்தால் நிற்கும். ஆனால் எந்த வீட்டில்? விடியப்புறம் மூன்று மணிக்கு யாருடைய கதவைத் தட்டலாம் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். அதை இன்னும் யாரும் கேட்கவில்லை.