கருவாடும் கரித்துண்டும்

கதவிடுக்கில் ஒரு மஞ்சள் சீட்டு. 'எங்கோ எலி செத்துக் கிடக்கிறது போல, தயவுசெய்து பாருங்கள்' என்று முத்து முத்தான எழுத்து. கீழே ஒரு சிரிப்பு முகம் வேறு. எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. நாற்பது மைல் கார் ஓட்டிப் போய் வாங்கி வந்த நெத்திலிக் கருவாடு, கத்தரிக்காயோடு கொதித்துக்கொண்டிருந்தது.

இது மாசசூசெட்ஸ் கடலோரத்துச் சின்ன ஊர். அதே வாரம் நூலகத்தில் வாசிப்பு வட்டம். பேய் வேடம் போடும் ஹாலோவீன் மாதம் என்பதால் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் எழுதி 1936இல் வெளிவந்த இன்ஸ்மவுத் கதையை எடுத்திருந்தார்கள். பக்கத்து நியூபரிபோர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கற்பனையில் கட்டிய ஊர் அது. இவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கதையில் அந்த ஊர்க்காரர்களுக்குப் பிதுங்கிய கண். சிமிட்டவே மாட்டார்கள். ஊரெங்கும் மீன் நாற்றம். தென்கடல் தீவுகளுக்குப் போய்வந்த ஒரு கப்பல் தலைவன் தேடிக்கொண்ட உறவால் ஊர் ரத்தமே கடல் பிராணிகளோடு கலந்துவிட்டதாம். பேய்க்கதை என்றுதான் உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பக்கம் நாற்றம் நாற்றம் என்று வர, எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்தக் கதையில் பயப்படுகிற ஆள் நான் இல்லை, பயமுறுத்துகிற ஆள்!

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்தான் விஷயத்தை உடைத்தார். 1924லிருந்து இரண்டு வருடம் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தபோது தெருவில் குடியேறிகளின் முகத்தைப் பார்க்கவே லவ்கிராஃப்ட்டுக்கு ஆகாதாம். அந்த வெறுப்பில்தான் புரூக்ளினின் ரெட் ஹூக் பகுதியை வைத்து எழுதிய கதை பிறந்தது. அதே கதையை 2016இல் கறுப்பின எழுத்தாளர் விக்டர் லவால், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பு இளைஞன் பக்கம் நின்று திருப்பி எழுதினார். உலக ஃபேன்டசி விருதாக லவ்கிராஃப்ட்டின் தலையைச் சிலையாகக் கொடுத்துவந்ததையும் எதிர்ப்பு கிளம்பி 2015இல் நிறுத்திவிட்டார்கள். எனக்கென்னவோ மனுஷன் பேயைவிடப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறார் என்று பட்டது.

ஆனால் முடிவு பிடித்திருந்தது. கதை சொல்கிறவனே கடைசியில் அந்த வம்சம் என்று தெரியவருகிறது. கனவில் கடலுக்கடியில் பாட்டியைப் பார்க்கிறான்.

பாட்டி என்றதும் வாசிப்பு வட்டத்தை விட்டு நாகப்பட்டினம் போய்விட்டேன். அத்தை வீட்டுக்கு மீன்குழம்பு கொடுத்துவிடும்போது அப்பாயி தூக்குவாளி மூடிமேல் அடுப்புக்கரி ஒன்று வைப்பாள். "மீன் வாசத்துக்குப் பேய் பின்னாலயே வரும்டா, திரும்பிப் பாக்காம போ." புளியமரம் தாண்டும்வரை ஓட்டமும் நடையும்தான், கரி மட்டும் விழாது. ஊரில் மீன் வாசத்துக்குப் பேய் வரும். இங்கே மீன் வாசம்தான் பேய்.

ஊரை ரொம்பத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பிய வீடுகள் நாலு. கேட்டது கருவாட்டைப் பற்றி மட்டும் இல்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அங்கே யாரும் சிரிப்பு முகம் போடவில்லை, அவ்வளவுதான்.

சரி, இப்போது பழகிவிட்டது. பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் தாளிக்கிறேன். சீட்டு எழுதியவர் எதிர்வீட்டு அம்மாதான் என்பதும் தெரியும். பார்த்தால் வானிலை பேசிக்கொள்கிறோம். அப்படித்தான் போன சனிக்கிழமை நண்பர் வீட்டுக்கு மீன்குழம்பு எடுத்துப் போகக் கிளம்பியபோது, இருட்டிவிட்டதைப் பார்த்ததும் கை தானாகக் கரியைத் தேடியது. கோடையில் இறைச்சி சுட வாங்கிய மூட்டையில் குட்டித் தலையணை மாதிரி அச்சில் வார்த்த கரிதான் இருந்தது. ஒன்றை எடுத்து டப்பா மூடிமேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த அம்மா கரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "ஹாய்" என்றார்.

கண் சிமிட்டாமல் நானும் "ஹாய்" என்றேன்.