இரண்டு ஸ்பேர் டயர்

திங்கள் காலை வட கனடாவில் டாசன் சிட்டியில் இருந்து இனுவிக் ஊருக்கு லாரி ஓட்டிப் போகிறேன். டெம்ப்ஸ்டர் சாலை, சுமார் 740 கி.மீ., பெரும்பாலும் சரளை. முதலில் டீசல் கிடைப்பதே 369ஆவது கிலோமீட்டரில், ஈகிள் பிளெயின்ஸில்.

“ஒரு ஸ்பேர் டயர் போதாதா அண்ணை?” என்று அனுபவமுள்ள டிரைவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் பேசாமல் தன் பழைய டயரைக் காட்டினார். கத்தியால் கிழித்த மாதிரி நீளமாக ஒரு வெட்டு. கல் செய்த வேலையாம். சரி, இரண்டு.

அப்புறம் சாட்டிலைட் போன், குளிர்கால டீசல், பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சங்கிலி. போன வருடம் கையுறையைக் கழற்றிவிட்டுச் சங்கிலி மாட்டியதில் விரல் நுனி இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. இப்போது கராஜில் கையுறையோடு கொக்கி மாட்டிப் பழகுகிறேன். பத்துக்கு நாலு தடவை கைநழுவி விழுகிறது.

பீல், மெக்கென்சி ஆறுகளை உறைந்த பனிக்கட்டி மேலேயே லாரியோடு கடக்க வேண்டும். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.