கிளாக் 22-இல் 9 மிமீ பேரல்: பேரல் அடங்கிவிட்டது, வம்பு பண்ணியது எக்ஸ்ட்ராக்டர்

.40 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்) கிளாக் 22 கைத்துப்பாக்கி (மூன்றாம் தலைமுறை) பேரல் மாற்றியதும் இப்போது 9 மிமீ தோட்டாவைச் சிக்கலில்லாமல் சுடுகிறது. காலி கேஸ்கள் (சுட்ட தோட்டாவின் கூடு) வலப்பக்கம் ஏறக்குறைய ஒரே இடத்தில் குவிகின்றன, நெற்றிக்கு நேராக வருவது நின்றுவிட்டது. பேரலை மாற்றினால் வேலை முடிந்தது என்று விற்பவர்கள் சொல்வது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி, சுட்ட கேஸை விளிம்பில் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் குறிப்பும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் காசுக் கணக்கு. .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா 1990-இல் வந்தது. 1990-களில் அமெரிக்கப் போலீஸ் துறைகள் வரிசையாக அந்தப் பக்கம் போயின, 1997-இல் எஃப்பிஐயும் அதில் கிளாக் 22, 23 வாங்கியது. 2010-களின் நடுவில் எஃப்பிஐ 9 மிமீக்குத் திரும்ப, மற்றவர்களும் திரும்பினார்கள். அவர்கள் கழித்துக்கட்டிய .40 கிளாக்குகள்தான் இன்று பழைய துப்பாக்கிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஹோல்ஸ்டரில் உரசி ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) ஓரம் வெளுத்திருக்கும், உள்ளே பார்த்தால் பெரும்பாலும் அதிகம் சுடாதவை. துப்பாக்கி மலிவு, தோட்டாதான் கையைக் கடிக்கும். பயிற்சித் தோட்டா மொத்தமாக வாங்கினால் 9 மிமீ ஒன்று 24 சென்ட், .40 ஒன்று 36 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு வாரம் மாறும் விலை இது, வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். பேரல் 150 டாலர், மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இரண்டு 50, எக்ஸ்ட்ராக்டரும் சில்லறைப் பாகங்களும் 30, ஆக 230. தோட்டாவுக்கு 12 சென்ட் மிச்சமென்றால் ஏறக்குறைய 1,900 தோட்டா சுட்ட பிறகுதான் போட்ட காசு திரும்பும். மாதம் 200 சுடுபவருக்குப் பத்து மாதத்துக்குள் வந்துவிடும். மாதம் ஒரே ஒரு 50 தோட்டாப் பெட்டி சுடுபவருக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், அவர் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

மிச்சத்தைத் தாண்டி இன்னொரு லாபமும் உண்டு. 2013-இன் அமெரிக்கத் தோட்டாத் தட்டுப்பாட்டில் 9 மிமீ அலமாரிகள் துடைத்து வைத்தது போல இருந்தபோது பல கடைகளில் .40 கிடைத்தது. ஒரே துப்பாக்கிக்கு இரண்டு பேரல் இருந்தால் எது கிடைக்கிறதோ அதைச் சுடலாம். 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி நிறுத்தப்பட்டதும் மலிவு எஃகு கேஸ் தோட்டாக்கள் மெல்ல மெல்ல மறைந்தன. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் மாநில வரியாக 11 சதவீதம் தனி. தோட்டா விலை இறங்கும் என்று காத்திருப்பதில் பிரயோசனமில்லை.

எந்தத் துப்பாக்கியை எதற்கு மாற்றலாம் என்பதில் ஒரே விதிதான்: அடிப்பாகம் பெரிய தோட்டாவிலிருந்து சிறியதற்குப் போகலாம், திரும்பி வர முடியாது. .40 தோட்டாவின் அடிவிளிம்பு 10.77 மிமீ, 9 மிமீ தோட்டாவுக்கு 9.96 மிமீயை ஒட்டி. ஸ்லைடின் பிரீச் முகம் (தோட்டாவின் அடி பதியும் பரப்பு) .40-க்கு வெட்டியதாக இருந்தால் சின்ன அடி உள்ளே உட்காரும். 9 மிமீக்கு வெட்டியதில் .40 நுழையவே நுழையாது. .40-இல் வரும் கிளாக் 22, 23, 27 வைத்திருப்பவர்களுக்கு வழி உண்டு. 9 மிமீயில் வரும் 17, 19, 26 வைத்துக்கொண்டு .40 சுட ஆசைப்படுபவர்களுக்கு இல்லை.

கிளாக் 17-இன் அசல் பேரலை 22-இன் ஸ்லைடில் போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். உள்ளே போகும், ஆனால் ஆடும். .40 பேரல் வெளிப்புறத்தில் தடிமன் அதிகம், ஸ்லைடின் முன்துளையும் அதற்கேற்ற அகலம். வெளி அளவு .40, உள்ளே 9 மிமீ என்று கடைந்த கன்வெர்ஷன் பேரல்தான் வேண்டும். லோன் உல்ஃப், கேகேஎம் இரண்டும் தெரிந்த பெயர்கள். ஸ்டார்ம் லேக் பேரல் பழசாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். தபால் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 12 டாலர் ஸ்பிரிங் ஒன்றைத் தனியாக வரவழைத்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் போடுங்கள். இந்தப் பேரல்களின் உள்ளே குண்டைச் சுழற்றும் சாதாரண வரிக்குழிகள் இருப்பதால் ஈயக் குண்டும் சுடலாம். அசல் கிளாக்கின் பலகோணப் பேரலில் ஈயம் வேண்டாம் என்று கம்பெனியே சொல்கிறது. சொந்தமாகத் தோட்டா நிரப்புபவர்களுக்கு இது தனி மிச்சம்.

.357 சிக் பேரலும் இதே ஸ்லைடில் போகும், அதற்கு வேறெதையும் தொடவே வேண்டாம். அடிவிளிம்பு .40-உடையதேதான், மேகசினும் அதுவே. 1994-இல் அந்தத் தோட்டாவைச் செய்தபோதே அப்படித்தான் திட்டமிட்டார்கள். ஆனால் அது .40-ஐ விட விலை கூடியது. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லி .357 சிக் பேரல் வாங்குபவரை வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி எக்ஸ்ட்ராக்டர். இரண்டு அடிவிளிம்புக்கும் வித்தியாசம் சுமார் 0.8 மிமீ. தோட்டா சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி) இருக்கும்வரை சேம்பர் அதை நடுவில் பிடித்துக்கொள்கிறது, ஃபயரிங் பின்னும் சரியாக நடுவில் அடிக்கிறது. அதனால்தான் முதல் தோட்டா வெடித்ததும் எல்லாம் சரி என்று தோன்றும். கேஸ் சேம்பரை விட்டு வெளியே வந்த நொடியில்தான் சிக்கல். பிரீச் முகத்தில் பக்கத்துக்கு 0.4 மிமீ காலி இடம் இருக்கிறது. .40-க்கான எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி 10.77 மிமீ விளிம்பைப் பிடிக்கும் நீளத்துக்குச் செய்தது, 9 மிமீ விளிம்பை அது நுனியால் மட்டும்தான் தொடுகிறது. பின்னோக்கி வரும் கேஸ் ஆடுகிறது, சாய்கிறது, சில சமயம் கேஸை வெளியே தட்டிவிடும் எஜெக்டரைத் தொடும் முன்பே நழுவுகிறது. எஜெக்டர் விளிம்பில் எந்த இடத்தில் இடிக்கிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால் ஒரு கேஸ் வலப்பக்கம் பறக்கும், அடுத்தது நேராக மேலே போகும், அதற்கடுத்தது சுடுபவரின் தொப்பியில் விழும். ஜன்னலில் கேஸ் குத்திட்டு நிற்கும் ஸ்டவ்பைப் சிக்கலும் இதனால்தான். பலர் இதை ஸ்பிரிங் கோளாறு என்றோ பிடி தளர்ந்ததென்றோ நினைத்து அங்கேயே நாளைக் கழிப்பார்கள்.

சுடாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. துப்பாக்கியைக் காலி செய்து, ஸ்லைடைக் கழற்றி, பேரலையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துவிடுங்கள். மருந்தில்லாத 9 மிமீ போலித் தோட்டா ஒன்றைக் கீழிருந்து மேலாகப் பிரீச் முகத்தில் ஏற்றி எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் விடுங்கள். மேகசினிலிருந்து ஏறும் திசையும் அதுதான். இப்போது ஸ்லைடை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். .40 எக்ஸ்ட்ராக்டரில் போலித் தோட்டா உடனே தலை கவிழும் அல்லது கீழே விழும். 9 மிமீ எக்ஸ்ட்ராக்டரை மாட்டி அதையே செய்தால் தோட்டா லேசாகத் தொங்கும், ஆனால் நிற்கும். அப்படி நின்றால் போதும். கல்லில் அடித்த ஆணி போல அசையாமல் நின்றால் கொக்கி அளவுக்கு மீறி அழுத்துகிறது, தோட்டா மேலேறவே முரண்டு பிடிக்கும்.

மாற்றும் வேலை தெரிந்ததுதான்: பின் தகடு, ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங் கம்பி, பிறகு சேஃப்டி பொத்தானை அமுக்கிக்கொண்டு எக்ஸ்ட்ராக்டரை வெளியே தட்டுவது. வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, பழைய 9 மிமீ கிளாக்குகளின் 90 டிகிரி எக்ஸ்ட்ராக்டர் இந்த ஸ்லைடுக்கு ஆகாது, 15 டிகிரி வெட்டுக்கானதைக் கேளுங்கள். இரண்டு, கொக்கியின் உள்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். வார்ப்புப் பிசிறு இருந்தால் கேஸ் விளிம்பில் கீறல் விழும், பிடியும் முறையற்றுப் போகும். அரம் வேண்டாம், மெல்லிய சாணைக்கல்லால் இரண்டு இழுப்பு போதும்.

எஜெக்டர் ட்ரிகர் ஹவுசிங்கோடு (விசைப் பாகங்கள் உட்காரும் கூடு) சேர்ந்து வருகிறது, அதிலும் 9 மிமீக்குத் தனி. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எது குணமாக்கியது என்று தெரியாது, காசும் தண்டம். எக்ஸ்ட்ராக்டர் மாற்றிய பிறகும் கேஸ் தலைக்கு மேல் வந்தால் மட்டும் எஜெக்டருக்குப் போங்கள். இந்த 22-க்கு அது தேவைப்படவில்லை.

பேரல் பொருத்தத்தில் பெரிய தொல்லை இல்லை. பேரலின் மேற்பகுதியிலும் பூட்டுப் பற்களிலும் மார்க்கர் மை பூசி, கையால் ஸ்லைடைப் பலமுறை இழுத்துவிட்டுப் பாருங்கள். மை எங்கே தேய்கிறதோ அங்கேதான் உரசல். இரு பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால் நல்லது. ஸ்லைடு கடைசி ஒரு மில்லிமீட்டர் மூடாமல் நின்றால் தோட்டாவில்லாமலும் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். காலியாகவே நின்றால் பேரல் நீளம் இடிக்கிறது; அதைக் கடைக்குத் திருப்பி அனுப்புவதுதான் புத்தி. தோட்டாவோடு மட்டும் நின்றால் சேம்பர் இறுக்கம். கழற்றிய பேரலைச் செங்குத்தாகப் பிடித்துத் தோட்டாவைப் போட்டால் ‘டொக்’ என்று விழ வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். கடைத் தோட்டா எல்லாம் இதில் தேறிவிடும். வீட்டில் நிரப்பிய, கேஸ் வாய் சரியாக மூடாத தோட்டாக்கள்தான் மாட்டும். 9 மிமீ கேஸின் வாயில்தான் உட்காருகிறது, அந்த வாய் விரிந்திருந்தால் சேம்பர் ஏற்காது.

ஸ்லைடை முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங் மூன்றாம் தலைமுறையில் 17-க்கும் 22-க்கும் ஒன்றே. நான்காம் தலைமுறையில் அப்படி இல்லை. அந்தத் தலைமுறையின் ஆரம்பத்தில் 9 மிமீ துப்பாக்கிகள் கடினமான ஸ்பிரிங்கோடு வந்து, வலு குறைந்த தோட்டாக்களில் திணறி, 2011-இல் கிளாக்கே புது ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்தது. நான்காம் தலைமுறை 22-ஐ மாற்றுபவர்கள் 17-இன் ஸ்பிரிங்கையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். .40 ஸ்லைடு சற்றுக் கனமும்கூட. அதனால் 115 கிரெய்ன் (குண்டின் எடை) மலிவுத் தோட்டாவில் ஸ்லைடு சோம்பினால் 124 கிரெய்ன் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அத்தோடு தீரும். 9 மிமீ குண்டு இலக்கில் .40-ஐ விடச் சற்றுத் தாழ்ந்து விழும். லேசான, வேகமான குண்டு கை உயர்வதற்குள் பேரலை விட்டுப் போய்விடுவதுதான் காரணம். பயிற்சிக்கு மட்டும் என்றால் சைட்டைத் தொட வேண்டாம்.

மேகசினில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். .40 மேகசினில் 9 மிமீ நிற்கும், பாதிவரை சுடவும் சுடும். மேகசின் வாயின் உதடு அகலமாக இருப்பதால் தோட்டா இஷ்டத்துக்கு மூக்கைத் தூக்கும், தாழ்த்தும். கிளாக் 17 மேகசின் இதில் அப்படியே பொருந்தும், 17 தோட்டா. அதற்குச் சிவப்பு நாடா ஒட்டி வையுங்கள். இது அழகுக்கல்ல: .40 பேரல் மாட்டியிருக்கும்போது 9 மிமீ மேகசினை ஏற்றினால் தோட்டா சேம்பருக்குள் தொளதொளவென்று போய், எக்ஸ்ட்ராக்டர் தயவில் நின்று வெடிக்கவும் செய்யும். கேஸ் வீங்கிப் பிளந்து, சூடான வாயு மேகசின் பக்கம் வரும். .357 சிக் தோட்டா .40 பேரலில் போனாலும் இதே ஆபத்து. ரேஞ்சுக்குப் போகும்போது ஒரு காலிபர் தோட்டா மட்டும் பையில் இருக்கட்டும்.

10 மிமீ கிளாக் 20 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அசல் பேரலிலேயே .40 சுடலாம் என்று சிலர் சொல்வார்கள். .40 கேஸ் 3.6 மிமீ குட்டை. சேம்பரின் விளிம்பைத் தொடாமல் கொக்கியில் தொங்கியபடி வெடிக்கும். .40 பேரல் வாங்கிப் போடுங்கள், அடி அளவு ஒன்றே என்பதால் எக்ஸ்ட்ராக்டர் தலைவலியும் இல்லை.

அமெரிக்கக் கூட்டரசு சட்டத்தில் ஃப்ரேம்தான் (பிடியோடு கூடிய கீழ்ப்பகுதி) துப்பாக்கி, பேரல் வெறும் பாகம், தபாலில் வரும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் விதிகள் வேறு, மரை வெட்டிய பேரலுக்குத் தடையும் உண்டு, ஆர்டருக்கு முன் பாருங்கள். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959 பாகங்களையும் ஆயுதமாகவே கொள்கிறது, உரிமத்தில் உள்ள காலிபரை மாற்றும் பேச்சே கிடையாது.

அடுத்து .22 எல்ஆர் (சின்ன, மலிவுத் தோட்டா) கிட். ஸ்லைடு, பேரல், மேகசின் எல்லாம் சேர்ந்தது என்பதால் விலை கூடுதல், ஆனால் தோட்டா 8 சென்ட் அளவில் கிடைத்தால் .40-இலிருந்து 28 சென்ட் மிச்சம். 350 டாலர் கிட் என்றால் 1,250 தோட்டாவில் காசு வந்துவிடும், 9 மிமீ கன்வெர்ஷனை விடச் சீக்கிரம். முதலிலேயே அதை வாங்கியிருக்கலாமே என்றால், .22 கையில் உதைக்காது. உதையைக் கட்டுப்படுத்தும் பயிற்சிக்கு 9 மிமீ வேண்டும்.

இப்போது பாக்கி நிற்பது ஒன்று. 9 மிமீ எக்ஸ்ட்ராக்டரை விட்டுவிட்டு .40 பேரலை மட்டும் திரும்பப் போட்டால் நீளக் கொக்கி .40 விளிம்பை அளவுக்கு மீறி அழுத்துகிறது, தோட்டா ஏறும்போது தயங்குகிறது. ஆக ஒவ்வொரு மாற்றத்துக்கும் எக்ஸ்ட்ராக்டரும் மாற வேண்டும். ரேஞ்ச் மேசையில் அந்தச் சின்ன ஸ்பிரிங்கைப் பறக்கவிட்டுத் தேடுவதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது. பழைய .40 ஸ்லைடு ஒன்று தனியாகச் சல்லிசாகக் கிடைத்தால் அதை நிரந்தரமாக 9 மிமீக்கு விட்டுவிடுவது என்று முடிவு. அதன் விலை 150-ஐத் தாண்டினால் மேலே போட்ட 1,900 கணக்கு 3,000-ஐத் தாண்டிவிடும் என்பதால் பேரம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.